தலைப்பும் வைப்புமுறையும்: நீண்ட எழுத்துக்களைக் கணினியில் மறுசீரமைக்கும் முறை வளர்ந்த வரலாறு

நீண்டதொரு நூலையோ ஆய்வேட்டையோ எழுதப் புகுபவர் எதிர்கொள்ளும் இடர்களுள் மிகப் பெரியது, எழுதியவற்றை எம்முறையில் நிறுத்துவது என்பதாகும். மூன்றாம் இயலிற் கூறப்பட்டது முதலாம் இயலிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது, பெரும்பாலும் ஐந்தாம் இயலை எழுதும்போதே புலப்படுகின்றது. அந்நிலையில், எழுதியவற்றைக் குலைத்து மீண்டும் அடுக்குவதற்கு வேண்டிய உழைப்பின் அளவைப் பொறுத்தே, எழுதுபவர் தம் சிந்தனையைத் திருத்துவதும் திருத்தாது விடுவதும் அமைந்து வந்துள்ளன. கையெழுத்துப்படிகளின் காலத்தில் அவ்வுழைப்பு மிகப் பெரிதாயிருந்தது. இன்றோ, கணினித் திரையில் ஒரு தலைப்பைப் பற்றி இழுத்து வேறோரிடத்தில் விட்டால், அதன்கீழ் அமைந்த பத்துப் பக்கங்களும் உடன் செல்கின்றன. இவ்வசதி எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அது எழுதுபவரிடம் எதனை வேண்டி நிற்கின்றது, எதனை அதனால் செய்ய இயலாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாசகருக்காக எழுந்த தலைப்பு

தலைப்பு என்பது தொடக்கத்தில் வாசகரின் கருவியாகவே தோன்றியது. உரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. 77 அளவில், பின்னர் பேரரசனாகிய தீத்துவுக்குத் தம் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலைக் காணிக்கையாக்கினார். 37 பாகங்களைக் கொண்ட அந்நூலின் முதலாம் பாகம் ஏனைய பாகங்களின் பொருள் நிரலாகவே அமைந்தது. அரசியற் பணிகளில் ஈடுபட்டிருப்பவர் நூல் முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. வேண்டிய பொருளை நிரலிற் கண்டு அவ்விடத்துக்கு நேரே செல்லலாம் என்பதே பிளினி கூறிய காரணமாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீற்றர் லொம்பார்ட் இயற்றிய இறையியற் றொகைநூலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கற்பித்த ஹேல்சு நகர் அலெக்சாந்தர், கற்பித்தல் வசதி கருதி அதனைப் புதிய பிரிவுகளாக வகுத்தார். ஒருவர் எழுதி முடித்த நூலுக்கு மற்றொருவர் பிரிவு வகுத்தமை, தலைப்பும் பிரிவும் வாசிப்பின் பொருட்டே எழுந்தன என்பதற்குத் தக்க சான்றாகும்.

தமிழ் மரபிலும் நூற்பகுப்புப் பற்றிய தெளிவு தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. தொல்காப்பியம் அதிகாரமாகவும் இயலாகவும் பகுக்கப்பட்டுள்ளது. நன்னூலின் பாயிரம், ஓரினப் பொருள்களை ஓரிடத்து வைப்பதனை ஓத்து எனவும், பல்வகைப் பொருள்கள் விரவி வருவதனைப் படலம் எனவும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. முன்னதற்கு ஒத்த மணிகளை நிரலே வைத்தல் உவமையாகக் கூறப்படுகின்றது. எனினும், இப்பகுப்புக்கள் எழுதப்பட்ட ஏட்டுச்சுவடியில் அவற்றை இடம்மாற்றுவது எளிதன்று. சுவடியின் கயிற்றை அவிழ்த்தால் ஏடுகளை வரிசை மாற்றலாம். ஆயின், ஏட்டின் எல்லையும் பொருளின் எல்லையும் ஒன்றல்ல. ஓர் இயல் ஏட்டின் நடுவே முடிய, அடுத்த இயல் அங்கேயே தொடங்கிவிடும். பொருளின் அலகும் அதனைத் தாங்கும் பொருண்மையின் அலகும் ஒன்றாகும்போதே மறுசீரமைப்பு எளிதாகும் என்னும் உண்மை இதனாற் பெறப்படுகின்றது.

2. கத்தரிக்கோலும் பசையும்

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர்களுள் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரைச் சேர்ந்த கொன்றாட் கெஸ்னர் குறிப்பிடத்தக்கவர். 1545 இல் 'அனைத்துலக நூற்பட்டியல்' ஒன்றை வெளியிட்ட அவர், 1548 இல் அதன் தொடர்ச்சியாகப் பொருள்வாரியான தொகுதியொன்றை வெளியிட்டார். அத்தொகுதியிலே அவர் ஒரு செய்முறையையும் விளக்கியுள்ளார். குறிப்புக்களைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு குறிப்பையும் தனி வரியிற் தொடங்குதல் வேண்டும். பின்னர் அவற்றைக் கத்தரிக்கோலால் தனித்தனியே வெட்டி, பொருளுக்கேற்பக் குவியல்களாக்கி, ஒழுங்கு உறுதிப்பட்ட பின்னரே பசையிட்டு ஒட்டுதல் வேண்டும். வெட்டப்பட்ட துண்டே கருத்தின் அலகாக அமைந்தமையால், ஒழுங்கு உறுதியாகும் வரை எதனையும் எங்கும் நகர்த்த முடிந்தது. எழுதும் செயலும் அடுக்கும் செயலும் வெவ்வேறானவை, பின்னதற்குத் தனியான காலமும் கருவியும் வேண்டும் என்பதனை இம்முறை தெளிவாக உணர்த்துகின்றது.

தட்டச்சுப்பொறி வந்த பின்னரும் இந்நிலையிற் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஒரு பந்தியை இடம்மாற்ற விரும்பியவர் தாளை வெட்டி ஒட்டினார். அன்றேல் பல பக்கங்களை மீண்டும் தட்டச்சுச் செய்தார். 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடாவுடன் கூடிய தட்டச்சுப்பொறியொன்றை வெளியிட்டது. நாடாவிற் பதிந்த எழுத்தைத் திருத்தி, பொறியே மீண்டும் தட்டச்சுச் செய்யுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. சொற்பிழைகளைக் களைவதற்கு அது பேருதவியாயிற்று. ஆனால் நாடா முன்னின்று பின்னாக ஓடுவது. அதிற் பதிந்த எழுத்தும் அவ்வாறே நீள்கோடாகக் கிடந்தது. ஒரு கடிதத்துக்கு அது போதும். ஒரு நூலின் கட்டமைப்பை அறியவோ மாற்றவோ அதனிடம் வழியில்லை.

3. எங்கல்பார்ட்டின் சிந்தனை

எழுத்தின் கட்டமைப்பையே கணினி அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்தை விரிவாக வளர்த்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட் ஆவார். 1925 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒறேகன் மாநிலத்திற் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரின் இறுதியில் கடற்படையின் ராடார்த் தொழினுட்பவியலாளராகப் பிலிப்பைன்சுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில், 1962 ஒக்ரோபரில், மனித அறிவாற்றலைப் பெருக்குவது பற்றிய நீண்ட அறிக்கையொன்றை எழுதினார்.

அவ்வறிக்கையில் இடம்பெறும் ஒரு சிறு சோதனை ஈண்டு நோக்கற்பாலது. ஒரே வாசகத்தைத் தட்டச்சுப்பொறியிலும், சாதாரண பென்சிலாலும், செங்கல் கட்டப்பட்ட பென்சிலாலும் எழுதுவதற்கான நேரம் அதில் ஒப்பிடப்பட்டுள்ளது. செங்கல்லின் கனத்தால் எழுத்து மெதுவானதுடன் உருக்குலைந்தும் போயிற்று. எழுதுகருவிகள் யாவும் அத்துணைக் கனமாயிருந்திருப்பின், மனிதர் எழுதும் அளவு மட்டுமன்றிச் சிந்திக்கும் முறையும் வேறாயிருந்திருக்கும் என்பதே எங்கல்பார்ட் உணர்த்த விரும்பிய கருத்து. இதே நியாயத்தை அவர் மறுதலையாகவும் நீட்டினார். பழைய வரைவுகளின் பகுதிகளை எடுத்து, வேறு வரிசையில் அமைத்து, புதிய சொற்களை இடையே சேர்த்துப் புதிய வரைவொன்றை விரைவில் ஆக்க உதவும் எழுதுபொறி கிடைப்பின், எழுதுபவர் தம் கருத்துக்களை முதலில் ஒழுங்கின்றியே கொட்டிவிட்டுப் பின்னர் அடுக்கலாம். அதனால் மேலும் சிக்கலான சிந்தனைகளையும் கையாள இயலும் என அவர் வாதிட்டார். தலைப்புக்களைக் கொண்டு நூலை மறுசீரமைக்கும் இன்றைய முறையின் கருத்தளவிலான பிறப்பிடம் இதுவே எனலாம்.

ஆறாண்டுகளின் பின் அக்கருத்து கண்முன் காட்டப்பட்டது. 1968 டிசெம்பர் 9 ஆந் திகதி, சான்பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற கணினி மாநாடொன்றில், ஏறத்தாழ 1,000 பேர் முன்னிலையில், தொண்ணூறு நிமிட நேரம் எங்கல்பார்ட் தம் குழுவினர் உருவாக்கிய என்.எல்.எஸ். என்னும் முறைமையை இயக்கிக் காட்டினார். சுட்டி என்னும் கருவி பொதுமேடையிற் காட்டப்பட்டமைக்காகவே அந்நிகழ்ச்சி இன்று பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. ஆயின், அவர் தம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் கடையில் வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியல் ஒன்றேயாகும். வாழைப்பழம், கரட் முதலாய பொருட்கள் முதலில் ஒழுங்கின்றி எழுதப்பட்டன. பின்னர் அவை வகைத் தலைப்புக்களின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. தலைப்புக்கள் மட்டும் தெரியுமாறு உட்பகுதிகள் மறைக்கப்பட்டன. வேண்டியபோது மீண்டும் விரிக்கப்பட்டன.

அம்முறைமையில் ஒவ்வொரு கூற்றும் 1, 1எ, 1எ1 என்றவாறு எண்ணும் எழுத்தும் மாறிமாறி வரும் படிநிலை இலக்கத்தைப் பெற்றது. ஒரு கூற்று நகர்த்தப்படும்போது அதன்கீழ் அமைந்த கிளை முழுவதும் உடன் நகர்ந்தது. இலக்கங்கள் தாமே மாறியமைந்தன. கெஸ்னரின் கத்தரித்த துண்டு இங்கே கிளையாக உருமாறிற்று. துண்டுக்குள் துண்டு அடங்கவும், பெருந்துண்டை எடுத்தால் அதனுள் அடங்கியவை சிதறாது வரவும் வழி பிறந்தது.

4. இரு வழிகள்

இத்துணைச் சிறப்புடைய முறைமை உடனடியாக உலகிற் பரவவில்லை. என்.எல்.எஸ். முறைமையைக் கையாள்வதற்கு நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. கட்டளைகள் பலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். எழுதும்போதே எப்பொருள் எதன்கீழ் அடங்கும் என முடிவுசெய்யவும் வேண்டும். எங்கல்பார்ட்டின் குழுவினர் சிலர் 1970 களில் சிறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றனர். அங்கு வேறொரு நோக்கு மேலோங்கியது. லறி ரெஸ்லர், ரிம் மொற் ஆகிய இருவரும், கின் எனப்படும் பாடநூல் வெளியீட்டகத்தின் பதிப்பாசிரியர்கள் எவ்வாறு பணியாற்றுகின்றனர் என்பதனை நோக்கி, 1975 அளவில் ஜிப்சி என்னும் எழுத்துத் திருத்து மென்பொருளை உருவாக்கினர். பதிப்பாசிரியர்கள் கத்தரிக்கோலையும் பசையையும் பயன்படுத்தியமையால், திரையிலும் வெட்டுதலும் ஒட்டுதலும் அமைக்கப்பட்டன. எவரும் சிறிது நேரத்தில் கற்றுக்கொள்ளத்தக்க முறை அது.

ஈண்டு இரு வழிகள் பிரிந்தமை தெளிவாகின்றது. எங்கல்பார்ட்டின் வழியில் எழுத்து என்பது கிளைகளையுடைய மரம். எதனை நகர்த்துவது என்பதனைக் கட்டமைப்பே தீர்மானிக்கும். ரெஸ்லரின் வழியில் எழுத்து என்பது ஒரே நீள்சுருள். எங்கிருந்து எதுவரை என்பதனை எழுதுபவரே ஒவ்வொரு முறையும் குறித்துக் காட்டுதல் வேண்டும். பின்னது எளிமையால் வென்றது. ஆனால் ஒரு வரியை வெட்டி ஒட்டும் எளிமை, முந்நூறு பக்க ஆய்வேட்டின் ஓரியலை நகர்த்தும்போது எளிமையாக இருப்பதில்லை. தொடக்கத்தையும் முடிவையும் தேடிக் குறிக்கையில் ஒரு பந்தி விடுபட்டுப்போவதும், வேறிடத்து ஒட்டுவதற்கு முன் வெட்டியது மறைந்துபோவதும் நேரக்கூடியனவாம்.

5. தலைப்பு கைப்பிடியாதல்

மேற்கூறிய இரு வழிகளும் மீண்டும் இணைந்தமை தனியாட் கணினிகளின் வருகைக்குப் பின்னரேயாகும். 1983 இல் டேவ் வைனர் என்பாரின் நிறுவனம், அப்பிள் கணினிக்காகத் திங்ராங் என்னும் மென்பொருளை வெளியிட்டது. தலைப்புக்களை மட்டும் எழுதி, விரித்தும் சுருக்கியும், மேலேற்றியும் கீழிறக்கியும் கருத்துக்களை அடுக்குவதற்கென்றே அது அமைக்கப்பட்டது. ஆயினும் அது சட்டகம் அமைக்கும் கருவியாகவே நின்றது. முழுமையான ஆவணத்தை எழுதி அச்சிடுவதற்கு வேறு மென்பொருளே ஏற்றதாயிருந்தது. அதே 1983 இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் வேர்ட், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் சட்டகப் பார்வையைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. இதனால், எழுதப்பட்ட ஆவணமும் அதன் சட்டகமும் ஒரே பொருளின் இரு தோற்றங்களாயின. ஒன்றில் தலைப்பை நகர்த்தினால் மற்றையதில் இயல் நகரும். 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில், பக்கவாட்டிலே தோன்றும் தலைப்புப் பட்டியலில் தலைப்பை இழுத்து விட்டே பகுதிகளை மறுசீரமைக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. சான்பிரான்சிஸ்கோ மேடையில் காட்டப்பட்ட கருத்து, சாதாரண எழுத்தாளரின் கைக்கு இத்துணை எளிய வடிவில் வந்துசேர 42 ஆண்டுகள் சென்றன.

இதன் செயன்முறை சுருக்கமாகக் கூறத்தக்கது. வேர்ட் மென்பொருளில் தலைப்புக்களுக்கு ஒன்பது படிநிலைகள் உள்ளன. இயலின் தலைப்பு முதலாம் படிநிலை. அதன் உட்பிரிவு இரண்டாம் படிநிலை. அதனினும் உட்பட்டது மூன்றாவது. ஒரு தலைப்பின் ஆட்சி, அதற்குச் சமமான அல்லது அதனின் உயர்ந்த படிநிலையையுடைய அடுத்த தலைப்பு வரும்வரை நீளும். அவ்வெல்லைக்குள் அமைந்த பந்திகளும் அட்டவணைகளும் உட்பிரிவுகளும் அத்தலைப்புடன் சேர்ந்து நகரும். வாசகருக்கு வழிகாட்டும் பெயர்ப்பலகையாயிருந்த தலைப்பு, இவ்வாறு எழுதுபவர் பற்றித் தூக்கும் கைப்பிடியுமாயிற்று. இம்மாற்றமே இவ்வரலாற்றின் உயிர்நிலை எனலாம்.

6. பெயரும் தோற்றமும்

ஆயின் இதற்கொரு நிபந்தனை உண்டு. எது தலைப்பு என்பதனை எழுதுபவர் கணினிக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கி, பெரிதாக்கி, நடுவில் நிறுத்தினால் மனிதர் அதனைத் தலைப்பென உணர்வர். கணினியோ அதனைத் தடித்த எழுத்தையுடைய பிறிதொரு பந்தியாகவே கொள்ளும். அத்தகைய ஆவணத்தில் தலைப்புப் பட்டியல் வெறுமையாகவே இருக்கும். பொருளடக்கமும் தானே உருவாகாது.

தோற்றத்தையும் தன்மையையும் வேறுபடுத்தும் இக்கருத்துக்கும் தனி வரலாறு உண்டு. 1969 இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் கோல்ட்பார்ப், எட்வேட் மோசர், றேமண்ட் லோறி ஆகிய மூவரும் ஒரு குறியீட்டு மொழியை ஆக்கத் தொடங்கினர். எழுத்து எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைக் குறிக்காது, அது தலைப்பா, பந்தியா, பட்டியலா என்பதனைக் குறிப்பதே அதன் அடிப்படை. அவ்வழியில் வந்த மொழி 1986 இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. உலகளாவிய வலையின் பக்கங்களை ஆக்கும் மொழியில் காணப்படும் ஆறு தலைப்புப் படிநிலைகளும் அம்மரபின் வழிவந்தனவேயாம்.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு தனியானதோர் இடராகவும் அமைந்தது. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில், கணினி பதிந்துகொள்வது உரோம எழுத்துக்களையே. எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. அத்தகைய எழுத்தில் அமைந்த வரிக்குத் தலைப்பு எனும் தன்மையைக் கொடுத்தால், அத்தன்மையுடன் வரும் வேறு எழுத்துரு தமிழ் வடிவத்தை நீக்கிப் பொருளற்ற உரோம எழுத்துக்களை வெளிக்காட்டிவிடும். பக்கவாட்டுத் தலைப்புப் பட்டியலிலும் அவ்வாறே தோன்றும். ஆதலின் வரியைத் தடித்த எழுத்தாக்கி நிறுத்துவதே ஏதமற்ற வழியாயிற்று. 1991 இல் வெளிவந்த யுனிகோட் தரத்தின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றன. அத்தரம் நடைமுறையிற் பரவிய பின்னரே, தமிழ் எழுத்து கணினிக்குத் தமிழ் எழுத்தாகவும், தமிழ்த் தலைப்பு தலைப்பாகவும் விளங்கலாயின.

7. நகர்த்தலும் நிறுத்தலும்

தலைப்பை நகர்த்துவது எளிதாகிவிட்டமையால் வைப்புமுறையும் எளிதாகிவிட்டது என்று கொள்ளலாகாது. உரைநடையிற் பந்திகள் தம்முட் பிணைந்தவை. 'மேற்கூறியவாறு', 'இதனால்', 'அடுத்த இயலிற் காண்போம்' என்னும் தொடர்கள் தாம் நின்ற இடத்தை நம்பியே பொருள் தருகின்றன. பகுதி இடம்பெயர்ந்தால் அவை பொய்த்துப்போகும். முறையாக இடப்பட்ட பக்க எண்களையும் குறுக்குக் குறிப்புக்களையும் கணினி புதுப்பிக்கும். இத்தொடர்களை அது தொடாது. முதன்முறை விளக்கப்படாத கலைச்சொல் ஒன்று முன்னே வந்துவிடுவதும், முடிவு காரணத்துக்கு முந்திவிடுவதும் நகர்த்தலால் விளையும் குற்றங்களேயாம்.

திருக்குறளின் உரைவரலாறு இதனை நன்கு விளக்குகின்றது. 133 அதிகாரங்களைக் கொண்ட அந்நூலில், மணக்குடவர் கொண்ட முறைக்கும் பரிமேலழகர் கொண்ட முறைக்கும் இடையே சில அதிகாரங்களின் வரிசையிலும் குறட்பாக்களின் வரிசையிலும் வேறுபாடுகள் காணப்படுகின்றன. ஒவ்வொரு குறளும் தனித்து நின்று பொருள் தருவதாகலின் அம்மாற்றத்தால் நூல் சிதையவில்லை. எனினும், பரிமேலழகர் தாம் கொண்ட வரிசையை வாளா விடவில்லை. அதிகாரந்தோறும், அது முன்னையதன் பின் வைக்கப்பட்டதற்குரிய காரணத்தை அதிகார முறைமை என எடுத்துரைத்தார். எளிதில் இடம்மாறத்தக்க பகுதிகளுக்கே இத்துணைக் காரணம் வேண்டப்பட்டதாயின், ஒன்றையொன்று பற்றி நடக்கும் உரைநடை இயல்களுக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

கெஸ்னரின் பசை உலர்ந்தபின் ஒழுங்கு மாறாதிருந்தது. கணினியிலோ பசை உலர்வதேயில்லை. எழுதுபவர் இறுதி நாள்வரை இயல்களை இடம்மாற்றிக்கொண்டே இருக்கலாம். அச்சுதந்திரம் பயனளிக்க வேண்டுமாயின் மூன்று செயல்கள் வேண்டப்படும். எழுதத் தொடங்கும்போதே தலைப்புக்களைத் தலைப்புக்களாகக் குறித்தல் ஒன்று. தலைப்புக்களை மட்டும் விரித்து வைத்து, அவை தொடர்ச்சியாக வாசிக்கப்படும்போது வாதம் விளங்குகின்றதா என நோக்கி, அதன் பின்னரே நகர்த்துதல் இரண்டாவது. நகர்த்திய பகுதியின் முதற் பந்தியையும் இறுதிப் பந்தியையும், அது விட்டுச்சென்ற இடத்தின் இருகரைகளையும் மீண்டும் எழுதுதல் மூன்றாவது. முதலிரண்டுக்கும் பொறி துணைசெய்யும். மூன்றாவது எழுதுபவரின் கடன். பரிமேலழகர் அதிகாரந்தோறும் விடையளித்த 'இது ஏன் இதன் பின்' என்னும் வினாவுக்கு எழுதுபவர் தம்முள்ளேனும் விடை கூறியிருத்தல் வேண்டும். அவ்விடை கிடைத்த இடமே அப்பகுதிக்குரிய இடமாகும்.